தாமதம் என்னும் பதார்த்தம்

யானைக்கு ஒரு சாஸ்திரமும், குதிரைக்கு ஒரு சாஸ்திரமும், சுவரிலுள்ள பல்லி எந்தத் திசையிலிருந்து சொன்னால் என்ன பலன் என்பதற்குக்கூடக் கௌளி சாஸ்திரம் என்று ஒன்றும் செய்து வைத்த நம் முன்னோர், மணி அடித்த பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆரம்பப் பள்ளியின் வாசலில் ஒற்றைக் காலில் நிற்கும் பாலகனை மட்டும் சாஸ்திரமில்லாமல் விட்டுவிட்டது பெருங்குறை என்று கருதி, அக்குறையை இயன்ற மட்டும் தீர்க்கும் பொருட்டு இந்தச் சிற்றாராய்ச்சியைத் தொடங்குகிறேன். இதற்கு எனக்குள்ள யோக்கியதை ஒன்றே: ஐந்து வகுப்புகளின் முதல் பாடவேளையையும் நான் பெரும்பாலும் வாசலிலிருந்தே கேட்டவன்.

திருவள்ளுவர் ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரம் செய்திருக்கிறாரே என்று வாசகர் ஆட்சேபிக்கலாம். செய்திருக்கிறார், நாற்பத்தொன்பதாவது அதிகாரம். ஆனால் அதை அவர் வைத்த இடம் அரசியல். காலம் அறிய வேண்டியவன் படையெடுக்கும் வேந்தன் என்பதே அவர் கருத்து. ஒன்றாம் வகுப்பு மாணவனிடம் அவர் அதை எதிர்பார்த்ததற்கு நூலில் சான்றில்லை. என்றாலும், காணாமற்போன ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே தலை சீவிவிட்டு, தலை சீவும்போதே வெளிப்பட்ட வீட்டுப்பாட ரகசியத்துக்கு நியாயம் வழங்கி, வயிற்றுவலி மெய்யா பொய்யா என்று நிர்ணயம் செய்து, எட்டே முக்காலுக்குள் ஒரு குழந்தையைத் தெருவில் இறக்கிவிடும் தாய்க்கு வேண்டிய ராஜதந்திரத்தைப் பார்க்கும்போது, அவ்வதிகாரம் அவளுக்கே உரியது என்று ஒரு பட்சம் எழுவதற்கு இடமுண்டு.

இனி வகைப்பாடு. அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் உலகத்துப் பதார்த்தங்களை ஏழாக எண்ணி, ஏழாவது பதார்த்தமாக அபாவத்தை, அதாவது இன்மையை, வைக்கிறது. சிவஞான முனிவர் அதைத் தமிழில் தந்திருக்கிறார். இல்லாததும் ஒரு பொருளே என்னும் இச்சித்தாந்தம், வருகைப் பதிவேட்டைக் கையிலெடுத்த எந்த ஆசிரியருக்கும் நூதனமன்று. அபாவம் நான்கு வகைப்படும். தோன்றுமுன் இல்லாதிருப்பது பிராகபாவம்: பிரேயர் முடிந்தும் வந்து சேராதவன். தோன்றியபின் அழிந்து இல்லாமற்போவது பிரத்வம்சாபாவம்: மதியச் சோற்றுக்குப் பின், தட்டு கழுவப்போன குழாயடியிலிருந்தே மறைந்தவன். முக்காலத்திலும் இல்லாதிருப்பது அத்தியந்தாபாவம்: ஜூன் மாதத்தில் பெயர் எழுதியதோடு சரி, பிறகு ஆட்டுக்குட்டிகளோடு மட்டுமே காணப்பட்டவன். ஒன்று மற்றொன்றாக இல்லாதிருப்பது அந்நியோந்நியாபாவம்: முருகேசன் பெயரைக் கூப்பிட்டபோது, முருகேசன் அல்லாத ஒருவன் பின்வரிசையிலிருந்து, குரலை மாற்றி, ‘உள்ளேன் ஐயா’ என்பது. முனிவர்கள் பல்லாண்டு தவமிருந்தும் துணிந்து சொல்லத் தயங்கிய ‘உள்ளேன்’ என்ற ஒரு சொல்லை, நம் பிள்ளைகள் தினந்தோறும் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும், சிநேகிதனுக்காகவும் சேர்த்து, சொல்லிவிடுகிறார்கள்.

சரித்திரப் பிரமாணம் இதைவிடச் சுவையானது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கும்படி 1822இல் கலெக்டர்களைக் கேட்க, பல்லாரி கலெக்டர் காம்பெல் 1823 ஆகஸ்டில் ஓர் அறிக்கை அனுப்பினார். அந்த ஜில்லாவில் 533 பள்ளிகள், 6,641 மாணாக்கர். காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதையின் அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு சைபர்: அவன் புகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன், இகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடும்.

இதைக் கணித முறையில் பரிசீலிப்போம். பள்ளி ஒன்றுக்குச் சராசரி பன்னிரண்டரைப் பிள்ளைகள் ஆகிறார்கள்; அரைப்பிள்ளையை அடிப்பது அசாத்தியமாதலால் பன்னிரண்டு என்றே கொள்வோம். பன்னிரண்டாமவனுக்குப் பத்து அடி. ஒன்று முதல் பத்து வரை கூட்ட, பள்ளிக்கு 55. ஜில்லா முழுவதும் இவ்விதி வழுவாமல் நடந்திருந்தால், சூரியன் பனையளவு உயருமுன் 29,315 அடிகள். இவ்வளவு உழைப்பையும் ஆசிரியர்கள் சொற்ப ஊதியத்துக்கே செய்தார்கள் என்பதை இக்காலத்தவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இம்முறையின் சூட்சுமம் தொகையில் இல்லை. இதில் கடிகாரத்துக்கு வேலையே கிடையாது. பன்னிரண்டு பிள்ளைகளும் பேசி வைத்துக்கொண்டு கோழி கூவுமுன் ஐந்து மணிக்கே வந்து நின்றாலும், பன்னிரண்டாவதாகத் திண்ணையேறியவனுக்குப் பத்து அடி நிச்சயம். ஆகவே தாமதம் என்பது காலத்தைச் சார்ந்த குணமன்று, முன்னே வந்தவர்களின் தொகை என்பது சித்தமாகிறது. தாமதமாக வருகிறவனைத் திருத்துவதற்காக ஏற்பட்ட விதி, எல்லாரும் நேரத்தில் வந்துவிட்ட நாளிலும் தாமதக்காரர் பதின்மரைத் தானே உற்பத்தி செய்துகொண்டது. மேலும், வழியில் மாங்காய்க்குக் கல்லெறிந்து நேரம் போக்கி, தனக்கு எட்டோ ஒன்பதோ காத்திருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்த பையன், எண்ணத் தெரிந்த காரணத்தாலேயே, பள்ளிக்குப் போவதைவிட ஆற்றங்கரைக்குப் போவது உத்தமம் என்ற முடிவுக்கு வந்திருப்பான். அப்படிப்பட்டவனுக்காகக் கோதண்டம் இருந்தது: சோம்பற்பிள்ளையை இரண்டு கைகளையும் கட்டிக் கப்பி வைத்துக் கூரையில் தொங்கவிடுவதையும், ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்வதையும் காம்பெல் குறித்திருக்கிறார். பின்னது உடம்புக்கு நல்லதாகவும் இருக்கலாம் என்பது துரையவர்களின் அபிப்பிராயம். அவர் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை.

என் அனுதாபமெல்லாம் அந்த இரண்டாமவன்மீதுதான். விடியுமுன் எழுந்தான், இருட்டில் நாய்க்குப் பயந்துகொண்டே நடந்தான், கண்டது, உள்ளங்கையில் ஒரு பூஜ்யம். வைதும் யாரும் சொல்லவில்லை, வாழ்த்தியும் யாரும் சொல்லவில்லை. அவனுடைய சந்ததியாரை நான் இன்றும் ஒவ்வோர் அலுவலகத்திலும் பார்க்கிறேன்.

பிற்காலத்தில் வந்த பரிசு, பாராட்டுப் பத்திரம் முதலியவற்றைப் பற்றி விஸ்தரிக்கத் தேவையில்லை. ஒரே ஓர் உதாரணம்: என்னோடு மூன்றாம் வகுப்பில் படித்த ஒருவன், ஒரு நாளும் தவறாமல் வந்ததற்கான பரிசைக் குறிவைத்து, பொன்னுக்கு வீங்கி கண்டபோதும் தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, பரிசையும் பெற்றான், நாங்கள் பதினான்கு பேர் அந்தப் பரிசுக்காக ஒரு வாரம் வீட்டில் படுத்துக் கிடந்தோம்.

அடியாலும் பத்திரத்தாலும் ஆகாத காரியத்தைச் செய்தது அன்னம். 1920இல் பிட்டி தியாகராயரின் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில், தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி தர இசைந்தது. 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை முதல் தேதி திருச்சிக்கருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்; பின்னர் முட்டையும் சேர்ந்தது. மேற்சொன்ன அத்தியந்தாபாவத்துக்கு இதுவே ஔஷதம். ஆனால் பிராகபாவம் இதற்கு அசையவில்லை. பன்னிரண்டரைக்குச் சோறு என்றால் பதினொன்றுக்கு வந்தாலும் போதுமே! அதன் காரணம் பிடிபட்டது 2022 செப்டம்பர் 15 அன்று, மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் மணி அடிக்குமுன்பே பரிமாறப்பட்ட பிறகுதான். பொங்கல் ஆறும்; ஆறிய பொங்கலை அறிந்தவன் ஓட்டமாக வருவான். பிரத்வம்சாபாவத்துக்கு, மாலை நான்கு மணிக்கு ஒரு கைப்பிடிச் சுண்டல் போதும் என்பது என் யோசனை, அதிகாரிகள் ஆலோசிக்கட்டும். அந்நியோந்நியாபாவத்துக்கு மருந்து கிடையாது. அது சிநேகம், இருந்துவிட்டுப் போகட்டும்.

இக்கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேர்முகப் பிரமாணம் வேண்டி, ஒரு புதன்கிழமை காலை எட்டு மணி முதல் ஓர் ஆரம்பப் பள்ளியின் எதிரிலுள்ள டீக்கடையில் உட்கார்ந்து வாசலைக் கண்காணித்தேன். எட்டே காலுக்குள் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் அமர்ந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு, வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஒரு சிறுமி எம்பி எம்பி அடித்தாள். அதற்குப் பிறகு வந்தவர் ஒருவர்தான். ஒன்பதே காலுக்கு, ஸ்கூட்டரில். அவர் ஆசிரியர். அவருக்கு அந்தத் திட்டத்தில் சிற்றுண்டி கிடையாது.