மூன்றாவது டைப்

பள்ளிக்கூட இங்கிலீஷ் இலக்கணத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்துபவை இரண்டு: இஃப் கிளாஸ், கொஸ்டின் டேக். திருமங்கலத்துப் பிள்ளைகளுக்கும் அதே கைடுதான், அதே மனப்பாடம்தான். இஃப் கிளாஸில் மூன்று டைப்: இஃப்போடு பிரசன்ட் வந்தால் வில். பாஸ்ட் வந்தால் வுட். ஹேட் வந்தால் வுட் ஹேவ். அர்த்தம்? அதற்கு மார்க் இல்லை. 35 வாங்கினால் பாஸ். அப்புறம் அதே பிள்ளை தனியாக ஃபீஸ் கட்டி, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 'மை நேம் இஸ்' என்று முதலிலிருந்து தொடங்கும். இத்தனை வருஷம் என்னதான் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இலக்கணத்துக்கு ஊரில் வாத்தியார் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. முதல் டைப்பை 2009 ஜனவரி இடைத்தேர்தலில் வீடு தேடி வந்தே நடத்தினார்கள். ஓட்டுப் போட்டால் பணம் கிடைக்கும். காலைப் பேப்பருக்குள் கவர், கவருக்குள் பூத் சிலிப்போடு ரூபாய் என்று அமெரிக்கத் துணைத் தூதரகம் குறிப்பெழுதியது. 2011-இல் விக்கிலீக்ஸ் வழியாக அது சந்தி சிரித்தது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயரும் நிலைத்துவிட்டது. கும்பகோணத்துக்கு ராமானுஜன், நமக்கு இது.

இரண்டாவது டைப், எதிர்க்கட்சி மேடைக்கு. 'நாங்கள் மட்டும் ஆட்சியில் இருந்தால்...' ஆட்சிக்கு வந்ததும் அந்த வாக்கியத்தைத் தோற்றவனிடம் பத்திரமாக ஒப்படைத்துவிடுவார்கள்.

மூன்றாவது டைப், நடக்காமல் போனவற்றுக்கு. அதற்குப் பக்கத்துத் தோப்பூரே பாடம். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் மதுரை எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார். 2022-இல் முதல் எம்.பி.பி.எஸ். வகுப்பில் 50 பேர் சேர்ந்தார்கள். எங்கே? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். மதுரை எய்ம்ஸ் மாணவனுக்கு அன்று மதுரையில் ஒரு பெஞ்ச் இல்லை. கட்டியிருந்தால் இங்கேயே படித்திருப்பான். இலக்கணம் சரி. முழு மார்க். ஆஸ்பத்திரியைத்தான் அன்று காணோம்.

கொஸ்டின் டேக்கும் மேடைக்குப் போய்விட்டது. 'சொன்னோம், செய்தோமா இல்லையா?' பிரியாணிப் பொட்டலத்தோடு வேனில் வந்த கூட்டம் 'ஆமா' என்று கத்துகிறது. பதில் தெரிந்தவன் கையில் மைக் இல்லை.

வாக்கியம் பாசிட்டிவ் என்றால் டேக் நெகட்டிவ் என்று நம் பிள்ளைகள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் எவராவது 'செய்தோமா இல்லையா' என்று கேட்டால், நீங்களும் வாய்விட்டு 'இல்லை' என்று சொல்லுங்கள். கவர் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். அது உங்கள் பணம்தான்.