இரும்பலுமாரியின் சமுகத்துக்கு ஒரு விஞ்ஞாபனம்

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் உள்ளூராட்சி மன்றக் காரியாலயங்களின் பதிவேட்டறைகளில் எழுந்தருளியிருக்கும் இரும்பலுமாரி அவர்களின் சமுகத்துக்கு,

மகா கனம் பொருந்திய ஐயா,

முதல்வருக்கோ, தவிசாளருக்கோ, ஆணையாளருக்கோ எழுதாமல் தங்களுக்கே நேராக எழுதத் துணிந்தமைக்குக் காரணம், நிரந்தரமான அதிகாரம் எங்கே வாசம் செய்கிறது என்பதை நாங்கள் காலந்தாழ்த்தியேனும் கண்டுகொண்டமையே ஆகும். 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் கொழும்போடு கண்டியும் மாநகரம் என்னும் அந்தஸ்தை எய்திய காலந்தொட்டு எத்தனையோ தலைவர்கள் வந்தனர், சென்றனர். 2023 மார்ச்சில் சபைகளின் ஆயுளே முடிந்து, அம்மாதம் 9ஆந் திகதி நடைபெறவிருந்த தேர்தலும் பணமில்லை என்ற காரணத்தால் தள்ளிப்போய், அது பிரஜைகளின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், 2025 மே 6ஆந் திகதி வாக்களிப்பு நடக்கும் வரையில், உத்தியோகத்தர்களே பரிபாலனம் நடத்தினார்கள். மக்கள் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாத அவ்விரண்டு ஆண்டுகளிலும் தமது ஸ்தானத்தை விட்டு அணுவளவும் அசையாதவர் தாங்கள் ஒருவரே.

தங்கள் வமிசமும் சாமானியமானதன்று. எந்தக் காணி எவர் வசம் உள்ளது, அதற்காக அவர் ஆற்றவேண்டிய ராஜகாரியம் யாது என்பனவற்றைக் கண்டியரசர் காலத்தில் லேகம் மிட்டி என்னும் ஏடுகளில் எழுதி வைத்தார்கள். அரசன் குடிகளை அறிந்திருக்க வேண்டும் என்பதே அவ்வேடுகளின் தர்மம். குடிகள் அரசனின் கணக்கை அறிய வேண்டும் என்ற விபரீத எண்ணம் அக்காலத்தில் எவருக்கும் உதித்ததாகத் தெரியவில்லை. 1815ஆம் ஆண்டோடு முடியாட்சி முடிந்துவிட்டதென்று பாடநூல்களை நம்பியிருந்த எங்களுக்கு, முடி போனாலும் அதன் தர்மம் இரும்புக் கதவுக்குள் க்ஷேமமாக இருப்பதைத் தாங்களே உணர்த்தினீர்கள். எங்கள் வீட்டின் நீள அகலமும், சோலைவரியின் நிலுவையும், மதிலை ஓரடி தள்ளிக் கட்டிய குற்றமும் தங்களுக்குத் தெரியும். செலுத்திய சோலைவரி எந்த வடிகாலில் இறங்கி எந்த வீதியில் கரையேறியது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

இந்த நிலையைக் குலைக்கவென்றே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்து, 2017 பெப்ரவரி 3ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவேடுகளை அட்டவணைப்படுத்திச் சுட்டியிட்டு வைக்க வேண்டும் என்றும், புதிதாக உண்டாகும் பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகளேனும் பேண வேண்டும் என்றும் அது விதிக்கிறது. இவ்விரண்டில் பேணும் கடமையைத் தாங்கள் சட்டம் கேட்டதற்கும் மேலாகவே நிறைவேற்றி வருகிறீர்கள். சுட்டியிடும் கடமையை மாத்திரம் கரையான்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். தகவல் கேட்பவன் காரணம் கூறத் தேவையில்லை என்று அச்சட்டம் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தும், “இது உங்களுக்கு எதற்கு?” என்று தங்கள் கதவருகே எழும் கேள்வி, விருந்தாளியைக் குசலம் விசாரிக்கும் அன்பிலிருந்து பிறப்பதென்றே நாங்கள் நல்லெண்ணத்தோடு வைத்துக்கொள்கிறோம்.

ஆயினும் விண்ணப்பித்துப் பெறுவது என்றைக்கும் அனுக்கிரகத்தின் சாயலை உடையது. கேளாமலே பகிரங்கமாக வைக்கப்படுவதே உரிமை. பங்காளிகளுக்குள் பொதுக் கணக்கு வைத்திருப்பவன், கேட்ட பங்காளிக்குக் கேட்ட ஏட்டை மட்டும் காட்டுவானாயின் அவனை நாம் தர்மவான் என்று அழைப்பதில்லை. 2015ஆம் ஆண்டிலேயே திறந்த அரசாங்கத்துக்கான சர்வதேசக் கூட்டமைப்பில் இலங்கை அங்கத்துவம் பெற்றது என்ற செய்தி, பதிவேட்டறையின் யன்னல் திறவாத காரணத்தால், தங்கள் செவிக்கு எட்டாது போயிருக்கலாம். அபூர்வமாகத் தாங்கள் வெளியிடும் கணக்குகளும், கோணலாக ஒளிப்படமெடுத்த காகிதங்களாய், கூட்டவோ கழிக்கவோ ஒப்பிடவோ இயலாத கோலத்தில் வருகின்றன. கணினி வாசித்துக் கூட்டக்கூடிய அட்டவணையாக அவற்றைத் தந்தால் எவரேனும் கூட்டிப் பார்த்துவிடுவார்களே என்ற தங்கள் தீர்க்கதரிசனத்தை மெச்சாதிருக்க முடியவில்லை.

கோஹாகொடையை எடுத்துக்கொள்வோம். கண்டி நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாக மகாவலியின் கரையோரத்தில் அங்கே மலையாகக் குவிந்திருக்கிறது. மழை பெய்தால் அதன் கசிவு நதியை நாடி இறங்குகிறது. அந்நதியின் நீரையே மக்கள் பருகுகின்றனர். நாளொன்றுக்கு எத்தனை லொறிகள் அங்கே சென்றன, எவ்வளவு தரம்பிரிக்கப்பட்டது, கசிவுநீரைப் பரிசோதித்ததில் கண்டது என்ன என்பன மாதந்தோறும் பகிரங்கமாக வைக்கப்படுமாயின், சபையில் கையுயர்த்தும் உறுப்பினருக்கும் கையுயர்த்த இடமில்லாத குடிமகனுக்கும் ஒரே கணக்கு வாய்த்திருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் நகரத்தைச் சுத்தம் செய்யவென்று கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் சந்ததியார் மஹியாவையில் இன்றும் வாழ்கின்றனர். தாம் அள்ளிய குப்பையின் கணக்கை அவர்கள் தமிழிலே வாசிக்க விரும்புவது பேராசை எனத் தோன்றினால், 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதைப் பணிவோடு நினைவூட்டுகிறோம்.

2025 ஏப்ரலில், 16 ஆண்டுகளுக்குப் பின்னர், தலதா மாளிகையின் புனித தந்ததாது மக்களின் தரிசனத்துக்கு வைக்கப்பட்டதும், பக்தர்கள் இரவு பகலாக வீதிகளில் வரிசையிட்டு நின்றதும் தாங்கள் அறியாததன்று. பல பேழைகளுக்குள் பாதுகாக்கப்படும் அப்பரிசுத்தப் பொருளே ஜனங்களுக்குத் தரிசனம் தருகையில், வடிகால் ஒப்பந்தக் கோவை ஒன்று அதனிலும் புனிதமானதெனத் தாங்கள் கருதுவதன் தத்துவத்தை எங்கள் சிற்றறிவுக்கு எட்டுமாறு விளக்கியருள வேண்டுகிறோம்.

ஆகவே எங்கள் பிரார்த்தனை இவ்வளவே: வரவு செலவுக் கணக்கும், ஒப்பந்தங்களும், குப்பைக் கணக்கும், கூட்ட அறிக்கைகளும் சிங்களத்திலும் தமிழிலும், கூட்டிப் பார்க்கத்தக்க வடிவில், கேளாமலே வெளிவர வேண்டும். அதுவரையில் கேட்டுக்கொண்டே இருப்போம். இவ்விண்ணப்பத்தையும் தாங்கள் உட்கொண்டு ஜீரணித்துவிடக் கூடுமாதலால், கிடைத்தமைக்கான எழுத்துமூல அத்தாட்சியைத் திகதியிட்டுத் தரும்படியும், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கும்படியும் கோருகிறோம். தவறினால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் தவறினால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்வோம் என்பதை மிரட்டலாகக் கொள்ளாமல், வழித்தட விபரமாகக் கொள்க.

இங்ஙனம்,
சோலைவரி செலுத்தும் பிரஜை ஒருவன்

பி.கு.: தங்கள் திறவுகோல் எவர் வசம் உள்ளது என்பதும் ஒரு தகவலே, அதனையும் இவ்விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.