ஃபிஜி போய் வந்தவர்

ஃபிஜிக்கு ஒரே ஒரு தடவை போய், ஒரே ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தவர் எந்தக் கல்யாணப் பந்தியிலும் கண்ணில் படுவார். பக்கத்து இலைக்காரர் “எங்க பையன் ஆஸ்திரேலியாவுல…” என்று ஆரம்பித்தால் போதும், “அங்கேருந்து ஃபிஜி எட்டிப் பிடிக்கிற தூரம்தான் தம்பி” என்று இவர் உள்ளே புகுந்துவிடுவார். ரசம் வருவதற்குள் டிக்கெட், ஓட்டல், விசா மூன்றும் முடிந்திருக்கும். முந்நூற்றுச் சொச்சம் தீவுகளைப் பாயசத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பார்.

விசா விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் சுற்றுலாவுக்கு ஃபிஜி போனால் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. நாடி விமான நிலையத்தில் இறங்கியதும் நான்கு மாதம் வரை தங்குவதற்கு அனுமதி கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், செலவுக்குப் பணம், தங்குமிட விவரம் மூன்றையும் கேட்டால் காட்ட வேண்டும். “பெட்டியைத் தூக்கு, ஏறிப் போய்க்கிட்டே இரு” என்று அவர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஏறிப் போகிற வழியைத்தான் அவர் சொல்ல மறந்துவிடுவார். இந்தியாவிலிருந்து ஃபிஜிக்கு நேர் விமானம் கிடையாது. சிட்னி வழியாகவோ ஆக்லாந்து வழியாகவோ போனால், விமான நிலையத்தைத் தாண்டி வெளியே காலே வைக்காவிட்டாலும், இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு அந்தந்த நாட்டின் டிரான்சிட் விசா வேண்டும். சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஒரே டிக்கெட்டில் போகிறவர்கள் உள்ளேயே விமானம் மாறிக்கொள்ளலாம். நம்மவர் போனது சிங்கப்பூர் வழியாக. டிரான்சிட் விசா என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரிய நியாயமில்லை. அவர் பேச்சை நம்பி மலிவாகக் கிடைத்ததென்று சிட்னி வழி டிக்கெட் எடுத்தவரை மீனம்பாக்கத்திலேயே செக்-இன் கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். வழியனுப்ப வந்த கூட்டம் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும் என்பதால் வீடு திரும்ப ஆட்டோ செலவு மிச்சம்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஃபிஜியில் உண்மையான சோதனை பாஸ்போர்ட் கவுன்டரில் இல்லை, பெட்டியை எடுத்துக்கொண்ட பிறகு வரும் பயோசெக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. நம்மவர் பெட்டியில் துணிமணிக்கு அடியில் ஒரு தேன் பாட்டில், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை, நாலு மாங்காய், வழித்துணைக்குக் கொஞ்சம் கருவாடு. வருகை அட்டை தெளிவாகவே கேட்கிறது: உணவு, தாவரம், விதை, விலங்குப் பொருள் ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா? அவர் யோசிக்காமல் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். “கறிவேப்பிலை எப்போய்யா தாவரமாச்சு? அது தாளிக்கிற சாமான்!”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பழம், பச்சை இலை, இறைச்சி, பால் பொருள், தேன் எல்லாம் அங்கே ஒன்று தடை, இல்லாவிட்டால் முன் அனுமதி. எழுதிக் காட்டினால் அதிகம் போனால் பொருள் போகும். மறைத்தால் அபராதமும் சேரும். நம்மவர் சொல்லும் கதையில் மட்டும் இந்தக் காட்சி வேறு மாதிரி வரும்: “அந்த ஆபீஸர் தேன் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தான். ஆசைப்பட்டான், பாவம். வெச்சுக்கப்பான்னு குடுத்துட்டேன்.” அபராத ரசீதைப் பற்றி இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1883-ல் இந்தியாவிலிருந்து கீரிகளைக் கொண்டுபோய் ஃபிஜியில் விட்டார்கள். எலி பிடிக்கப் போன கீரி, தரையில் கூடு கட்டும் பறவைகளையும் முட்டைகளையும் ருசி பார்த்துப் பழகிவிட்டது. பிறகு 1936-ல் வண்டுகளை ஒழிக்க வந்த கரும்புத் தேரையும் அங்கேயே குடியும் குடித்தனமுமாகிவிட்டது. சின்னத் தீவுகளில் ஒரு விருந்தாளி எவ்வளவு பாடு படுத்த முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். மாங்காய்க்குள் இருக்கும் ஈயையும் ஷூவில் ஒட்டிய மண்ணையும் அவர்கள் விட்டுவைக்காததற்கு அதுதான் காரணம்.

அடுத்தது கிராம விஜயம். வெளிநாடு போகிறோமே என்று நம்மவர் கைலிகளை எல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு, பூப்போட்ட அரைக்கால் சட்டை புதிதாக ஆறு வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஃபிஜியில் ஆண்கள் கௌரவமாக உடுத்துவது ‘சுலு’. இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி. நம் கைலிக்கு ஒன்றுவிட்ட தம்பி. போலீஸ்காரர்களே விளிம்பில் ரம்பப் பல்லாக வெட்டிய வெள்ளைச் சுலுவில்தான் அணிவகுத்து நிற்பார்கள். ஊருக்குள் போகும்போது முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஆகாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். குழந்தை அழகாக இருக்கிறதே என்று தலையைத் தடவிவிடக் கூடாது. நம்மவர் தொப்பி, கண்ணாடி, அரைக்கால் சட்டை சகிதம் போய் இறங்கி, முதல் வேலையாக ஒரு பையனின் தலையைத் தடவினார்.

விருந்தாளி வெறுங்கையோடும் போகக் கூடாது. யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைச் சந்தையில் வாங்கிக்கொண்டு போய் ஊர்ப் பெரியவர் முன் வைப்பது மரபு. இதற்கு ‘செவுசெவு’ என்று பெயர். அந்த வேரைத்தான் இடித்து, தண்ணீரில் பிசைந்து, பெரிய மரப்பாத்திரத்திலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு கொடுப்பார்கள். உலகம் இதைக் கவா என்கிறது. பார்வைக்கு மழைக்காலத்துக் குட்டைத் தண்ணீர். ஒரு தடவை கைதட்டி, “புலா” என்று சொல்லி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மூன்று தடவை கைதட்ட வேண்டும். நம்மவர் காபி மாதிரி உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போயின. கவா குடித்தால் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். அவர் பக்கவாதம் என்று முடிவு கட்டி, மனைவியிடம் எல்.ஐ.சி. பாலிசி எந்த அலமாரியில் இருக்கிறது என்று குழறலாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நாடியில் ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. 1994-ல் திருப்பணி முடிந்த கோயில். தமிழ்நாட்டுச் சிற்பிகள் கைவண்ணம். 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் கட்டிக் காக்கிறார்கள். பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடியது இந்தத் தோட்டங்களைப் பற்றித்தான். அங்கே நின்று நம்மவர், “என்னப்பா, தமிழே பேச மாட்டேங்கறீங்க?” என்று உபதேசம் செய்தார். நூற்றாண்டுக்கும் மேலாக முருகனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? அவர்கள் ஃபிஜி இந்தியில் சிரித்த முகத்தோடு பதில் சொல்லி, அரைக்கால் சட்டைக்கு மேல் சுற்றிக்கொள்ள ஒரு துணியைக் காட்டினார்கள்.

“ஜனவரியில போ, ஓட்டல் பாதி விலை” என்பதும் அவருடைய யோசனைதான். பாதி விலை ஏன் என்று சொல்லமாட்டார். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 2016 பிப்ரவரியில் அடித்த வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள். மே முதல் அக்டோபர் வரை போவதே உத்தமம். அங்கே கடிகாரம் நமக்கு ஆறரை மணி நேரம் முந்தி ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும். அவர் விடியற்காலை ஆறு மணிக்குக் கடலில் சூரியன் எழுவதைக் காட்ட வீடியோ கால் போட்டபோது ஊரில் முந்தின நாள் இரவு பதினொன்றரை. சம்பந்தி வீட்டார் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

ஃபிஜிக்குக் கிளம்புகிறவர்கள் குடிவரவுத் துறை, பயோசெக்யூரிட்டி ஆணையம் இரண்டின் அறிவிப்புகளையும் புறப்படும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், விதிகள் மாறும். ஆஸ்திரேலியப் பிளக்குக்கு ஒரு அடாப்டரும் நல்லதாக இரண்டு கைலியும் எடுத்து வையுங்கள். கடற்கரையில் பவளத்துண்டு கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும். கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம். நாடிச் சந்தையிலேயே கொத்துக் கொத்தாக விற்கிறார்கள்.