இளைஞர் வானொலியின் முதுமை

கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து உரிமமின்றிப் பாப் பாடல்களைப் பரப்பிய ‘கடற்கொள்ளை வானொலி’களை 1967 ஆகஸ்டில் சட்டத்தால் ஒடுக்கிய பிரிட்டனில், அவற்றின் இளம் நேயர்களுக்காக அடுத்த மாதமே பிபிசி ரேடியோ 1 தொடங்கப்பட்டு, கப்பல் வானொலியில் தேர்ந்த 24 வயது டோனி பிளாக்பர்னே முதல் நிகழ்ச்சிக்கு அமர்த்தப்பட்டார், கொள்ளையரைக் காவலராக்குவது அரசுகளுக்குப் பழகிய கலைதான்.

பின்னாளில் 15 முதல் 29 வயதினரே இலக்கு என வரையறுக்கப்பட்ட இந்நிலையத்தின் இடர்ப்பாடு, இளைஞர் வராதது மட்டுமன்று, வந்தவர்கள் வயதேறிய பின்னும் வெளியேற மறுத்ததுமாகும். 1993இல் பொறுப்பேற்ற மேத்யூ பேனிஸ்டர் மூத்த தொகுப்பாளர்களைக் களைந்தபோது பல லட்சம் நேயர்களும் உடன் வெளியேறினர். 2012இல் காலை நிகழ்ச்சி 38 வயது கிறிஸ் மொய்ல்ஸிடமிருந்து 28 வயது நிக் கிரிம்ஷாவுக்குக் கைமாறிய காலத்திலோ நேயரின் சராசரி வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

இன்றைய இளைஞர், கேட்டதை வைத்து அடுத்த பாடலைத் தாமே தேர்ந்துதரும் ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளிடம் செவியை ஒப்படைத்துவிட்டனர். எனினும் நிலையம் கலங்க வேண்டியதில்லை: நேயர்களை அளவிடும் ரஜார் அமைப்பின் கணக்கில், வாரத்தில் 5 நிமிடம் கேட்டவரும் நேயரே என்பதால், தந்தை ஓட்டும் காரில் வேறு வழியின்றிக் கேட்கும் பதினாறு வயது மகளும் இளம் நேயராகவே எண்ணப்படுவாள்.