தலைமாட்டில் ஓர் ஆள்

பள்ளியில் நான் இயற்பியல் நடத்தினேன். முழு அக எதிரொளிப்பு பாடம் வரும்போதெல்லாம் எண்டோஸ்கோபியைத்தான் உதாரணம் சொல்வேன். முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளி பக்கச் சுவரில் மோதி மோதி, வெளியே கசியாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரும். அப்படிப்பட்ட இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கட்டினால் குழாய் எப்படி வளைந்தாலும் வயிற்றுக்குள் பார்க்கலாம். 1957இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அந்தக் கருவியை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகுதான் நோயாளியிடம் கொண்டுபோனார். இந்த இடத்தில் கடைசி பெஞ்சுப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை. தன் தொண்டையில் பட்டது என்னவென்று தெரிந்தவர் அடுத்தவரிடம் எப்படிப் பேசியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என் தொண்டைக்குள் அது போனது 1988இல். தென் மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. வயிற்றெரிச்சலோடு மாதக்கணக்கில் காலம் தள்ளியவன், மலம் தார் போலக் கறுத்துப் போனதும் பயந்து ஓடினேன். வெறும் வயிற்றோடு வராந்தாவில் காத்திருந்தேன். முறை வந்ததும் கெட்டியான மரப்பு மருந்தை வாயில் ஊற்றினார்கள். தொண்டை மரத்தவுடன், அது வீங்கி அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. மூச்சு நின்றுவிடுமோ என்று மிரண்டேன். மரத்துப்போன தொண்டை அப்படித்தான் தோன்றும், காற்றுப் போகிற வழி திறந்துதான் இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை.

டாக்டர் கெட்டிக்காரர். அவர் கைத்திறமையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வெளியே வரிசை நீண்டிருந்தது. அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் அதட்டல். குழாய் உள்நாக்கைத் தொட்டதும் எனக்கு ஓங்கரித்தது. "வாத்தியார்ங்கிற, ஒரு டியூப முழுங்கத் தெரியல. வெளிய எத்தன பேரு நிக்கான் பாத்தியா?" என்றார். வயிற்றை விரிக்க அவரே காற்றை ஊதிவிட்டு, ஏப்பம் வந்ததற்கும் திட்டினார். ஓங்கரிப்பும் ஏப்பமும் உடம்பு தன்போக்கில் செய்பவை. நோயாளி அடம்பிடித்துச் செய்பவை அல்ல. இது அவருக்குத் தெரியாததல்ல.

என் தலையைப் பிடித்திருந்தது அங்கே வேலை பார்த்த ஓர் ஆயாம்மா. ஐம்பது வயது இருக்கும். டாக்டரின் குரல் உயரும்போதெல்லாம் அவர் என் காதோரம் குனிந்து தணிந்த குரலில் பேசினார். "மூக்கால மூச்ச விடுங்கய்யா. எச்சிய முழுங்காதிய, வழிய விடுங்க, நான் தொடச்சிக்கிடுதேன். கண்ண மூடாதிய. அந்தா, ஜன்னல் கம்பியப் பாருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "தொண்டையத் தாண்டிட்டு. இனி இவ்வளவு கஷ்டம் இருக்காது" என்றார். முடிந்ததும் முகத்தைத் துடைத்து, என்னை எழுப்பி உட்காரவைத்து, தலைசுற்றல் நிற்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குடல்புண் என்று தெரிந்தது. டீ குடிப்பாயா, காரம் தின்பாயா, கோபப்படுவாயா என்று கேட்டு, என் குணத்தின்மேல் பழியைப் போட்டு மாத்திரை எழுதினார் டாக்டர். பெரும்பாலான குடல்புண்ணுக்கு ஒரு பாக்டீரியாவே வேர் என்று ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குள் எழுதியிருந்தார்கள். அதற்காக 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். 1988இல் எங்கள் ஊர்வரை அந்தச் சேதி வந்து சேரவில்லை. புண் வந்ததற்கும் நான்தான் காரணம், குழாய் இறங்காததற்கும் நான்தான் காரணம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

ஓய்வுபெற்ற பிறகு எரிச்சல் திரும்ப வந்தது. இப்போது நகரத்தில் பெரிய தனியார் மருத்துவமனை. குழாய் மெலிந்துவிட்டது, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இழைக் கட்டு போய், நுனியில் கேமரா வந்துவிட்டது. மரப்பு மருந்து ஸ்பிரேயாக அடிக்கப்படுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து உண்டு. எல்லாரும் என்னை 'சார்' என்றே அழைத்தார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகப் போனதால் மயக்க ஊசி வேண்டாம் என்றேன்.

யாரும் அதட்டவில்லை. ஆனால் குழாய் என் தொண்டையில் இருக்கும்போது டாக்டரும் டெக்னீஷியனும் டாக்டருடைய மகனின் கல்லூரி கவுன்சலிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று கண்ணைக் குழாயின் முனையில் வைத்துத்தான் பார்க்க முடியும் என்பதால் திட்டியவரும் என் பக்கத்தில் குனிந்துதான் நின்றார். இன்று எல்லார் கண்ணும் சுவரிலிருந்த திரையில். ஓங்கரித்தபோது, திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "கோஆப்பரேட் பண்ணுங்க சார்" என்றார் டாக்டர். என்ன செய்தால் அது ஒத்துழைப்பு என்று சொல்லவில்லை. குழாய் எங்கே வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம், எதுவும் தெரியவில்லை. சதை எடுத்ததைக்கூட ரிப்போர்ட்டில்தான் படித்தேன். மரியாதைச் சொல்லுக்குக் குறைவில்லாத அந்த அறையில் நான் 1988ஐவிடத் தனியாகக் கிடந்தேன். அது எனக்கு வலித்தது.

அங்கே எனக்குக் கைகொடுத்தது அந்த ஆயாம்மா சொன்னதுதான். மூக்கால் மூச்சு. எச்சிலை விழுங்காமல் வழியவிடுவது. கண்ணைத் திறந்து ஏதாவது ஒன்றையே பார்ப்பது. ஏ.சி.யின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொண்டையைத் தாண்டியதும், 'இனி இவ்வளவு கஷ்டம் இருக்காது' என்பதையும் சொல்லிக்கொண்டேன். ஓங்கரிப்பு அடங்கியது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பாஸ்டனில் எல்விரா லாங் என்ற கதிரியக்க மருத்துவரும் சகாக்களும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சை அறையில் பேசப்பட்டதை வீடியோவில் பார்த்து எடைபோட்டதில், 'இப்போ வலிக்கும்' என்பதுபோல் முன்கூட்டி எச்சரித்தபோது நோயாளிகளுக்கு வலியும் பதற்றமும் கூடியிருந்தன. ஆயாம்மா வலி என்ற சொல்லையே எடுக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொன்னார். கனடாவில் டொனால்ட் ரெடல்மையரும் டேனியல் கானமனும் குடல் உள்நோக்குப் பரிசோதனைக்கு வந்தவர்களை ஆராய்ந்தார்கள். மொத்தம் எவ்வளவு நேரம் துன்பப்பட்டோம் என்பதைவிட, உச்ச வேதனையும் கடைசி நிமிடங்களும்தான் நினைவில் தங்குகின்றன என்று கண்டார்கள். என் விஷயத்தில் அது அப்படியே உண்மை. 1988ஐ நினைத்தால் துண்டோடு வந்த அந்தக் கைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டாவதை நினைத்தால், வாயிலிருந்து பிளாஸ்டிக் வளையத்தை எடுப்பதற்குள் அறையைவிட்டுப் போய்விட்ட டாக்டரின் முதுகு.

தலையைப் பிடிக்கும் வேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1868இல் ஜெர்மனியில் குஸ்மால் விறைப்பான குழாயை வயிற்றுக்குள் இறக்கிக் காட்ட, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சாதாரண நோயாளி தாங்குகிறமாதிரி பாதி வளையும் கருவியை 1932இல் கொண்டுவந்தவர் ருடால்ஃப் ஷிண்ட்லர். அவர் பரிசோதிக்கும்போது நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னவர் அவர் மனைவி காப்ரியேலே. அமெரிக்காவின் எண்டோஸ்கோபி செவிலியர் சங்கம் இன்றும் அந்த அம்மையார் பெயரில் விருது கொடுக்கிறது. கருவி பிறந்தபோதே தலைமாட்டில் ஓர் ஆளும் இருந்திருக்கிறார். கருவியை ஒவ்வொரு தலைமுறையும் திருத்திக்கொண்டே வந்தது. அந்த ஆளை மட்டும் நாம் கைவிட்டுவிட்டோம்.

நம் நாட்டில் 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து நோயாளியிடம் பேசும் முறையும் பாடத்திட்டத்தில் வந்திருக்கிறது. எனக்கு அதில் மெய்யான சந்தோஷம். ஆனால் அந்த அறையில் தலைமாட்டுக்கு அருகில் நிற்பது டெக்னீஷியனும் ஒப்பந்தத்தில் வந்த உதவியாளரும்தான். அவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பில்லில் ஸ்பிரேக்கு ஒரு வரி, வாய் வளையத்துக்கு ஒரு வரி இருந்தது. காதோரம் குனிந்து நாலு வார்த்தை பேசுவதை ஒரு வேலையாக அந்த மருத்துவமனை ஒப்புக்கொண்டு ஒருவரை அங்கே நிறுத்தட்டும், அதற்கும் ஒரு வரி போடட்டும். மனமாரக் கொடுப்பேன்.

இப்போது என் மனைவிக்கு ரத்தசோகை ஏன் தீரவில்லை என்று பார்க்க எண்டோஸ்கோபி எழுதியிருக்கிறார்கள். நாங்கள் வேறு மருத்துவமனையைத் தேர்ந்தோம். முன்னாலேயே போய் அந்தப் பிரிவின் பொறுப்பு சிஸ்டரைப் பார்த்தேன். உள்ளே நான் தலைமாட்டில் நிற்கலாமா என்று கேட்டேன். "வெளியாளுக்கு அனுமதி இல்ல சார்" என்றார். அப்படியென்றால் உங்களில் ஒருவர் நின்று, என்ன நடக்கிறது என்று அவளுக்கு அவ்வப்போது சொல்ல முடியுமா, அவள் கையை உயர்த்தினால் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நானே நிக்கிறேன் சார். அம்மாவுக்கு வேற ஏதாவது கவனிக்கணுமா?" என்றார். இடது காது சரியாகக் கேட்காது என்றேன். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைப்பதால் வலது காது மேலேதான் இருக்கும், அதில் பேசினால் போதும் என்று சொல்லி, அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.