சாடியை உள்ளுக்கு எடுத்திட்டீரோ?

செப்டெம்பர் கடைசி வந்துவிட்டால் ஸ்காபரோக் கறிவேப்பிலை அண்ணைக்கு நித்திரை கிடையாது. தனக்கு இல்லாத நித்திரை பிறத்தியாருக்கு எதற்கு என்று, இரவு பத்து மணிக்குப் பிறகும் தொலைபேசி எடுப்பார். "தம்பி, இண்டைக்கு 4 டிகிரியாம். சாடியை உள்ளுக்கு எடுத்திட்டீரோ?" வீட்டில் ஆட்கள் சுகமா என்ற கேள்வி கிறிஸ்மசுக்குத்தான் வரும்.

அவர் சொல்வதில் பிழையில்லை. கறிவேப்பிலை வெப்பநாட்டு மரம். 10 டிகிரிக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் இலை மஞ்சளித்துக் கொட்டும். உறைபனி பட்டால் குருத்துக் கருகும். ரொறன்ரோவில் ஒக்டோபரிலேயே உறைபனி விழுவதுண்டு. ஆகவே உள்ளே எடுக்கத்தான் வேண்டும். ஒருமுறை எடுத்தால் போதாதா என்பதுதான் அயலவர் கேள்வி.

போதாது. ஒக்டோபரில் இடைக்கிடை 20 டிகிரிக்கு வெயில் எறிக்கும். "மரம் கொஞ்சம் வெயில் காயட்டும்" என்று சாடி வெளியே போகும். பொழுதுபட்டால் திரும்ப உள்ளே. ஈரமண்ணோடு அது ஓர் ஆள் பாரம்; அண்ணைக்கோ நாரிப்பிடிப்பு. ஆகையால் தெருவில் இருக்கும் தமிழ்ப் பெடியன் எவனுக்கும் விடுதலையில்லை. அவன் சாடியைக் கட்டிப்பிடித்துப் படியேற, அண்ணை பின்னால் வருவார்: "கொப்பு! கொப்பு! கதவில இடியாமல் கொண்டுபோம்!" கதவில் பெடியனின் முழங்கை இடிபட்டால் அது அவன் பாடு.

உள்ளே வந்ததும் மரத்துக்கு முழுக்கு. இலையின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்துச் செதில்பூச்சி தேடுவார். சவர்க்காரத் தண்ணியால் கொப்புக் கொப்பாகத் துடைப்பார். இதுவும் செய்யவேண்டிய வேலையே. ஹீட்டர் காற்றின் வறட்சியில் சிலந்திப்பேன் மளமளவென்று பெருகும். ஆனால் முழுக்கு நடப்பது வீட்டாரின் குளியல் தொட்டியில். பிறகு தெற்குப் பக்க யன்னல் மரத்துக்குப் போகும். சோபா மூலைக்குப் போகும். அன்ரி சோபாவோடு போவார்.

இத்தனை பாடுபட்டுத் தூக்கிய பெடியனின் தாய் வந்து ஒரு நெட்டுக் கேட்டால், "இப்ப மரம் உறங்குது தங்கச்சி, ஆயக்கூடாது" என்பார். குளிர்காலத்தில் அது வளர்ச்சியை நிறுத்தி உறங்குவது உண்மை. அன்று மத்தியானம் அண்ணை வீட்டுச் சொதியில் பச்சைக் கறிவேப்பிலை மிதந்ததும் உண்மை.

மற்ற வேலைகளில் அவருக்கு இவ்வளவு அக்கறையில்லை. உள்ளிப் பல்லு ஊன்றுவார். ரூலிப் கிழங்கைத் தோண்டும் அணிலைத் திட்டுவார். வெளிக் குழாயை உள்ளிருந்து பூட்டி மிச்சத் தண்ணியை வடிக்கவேண்டும், தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துக் குழாயைப் பிளக்கும் என்று ஊருக்கெல்லாம் விளக்குவார். அவர் வீட்டுக் குழாயில் ஹோஸ் இன்னும் கொழுவியபடி கிடக்கும்.

இலை மேல் உயிரை வைத்திருக்கும் இந்த மனிதரின் வீட்டு முன்னால் பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. நவம்பரில் அது கொட்டுவதை அவர் தொடுவதேயில்லை. "காத்துக் கொண்டுபோகும்" என்பார். காற்று கொண்டுபோவது பக்கத்து வீட்டுக்கு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நனைந்த இலை பனிக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் புல்லில் பூஞ்சணம் பிடித்து, வசந்தத்தில் வட்டம் வட்டமாக வெளிறிவிடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர்தான் விறாண்டியோடு குனியவேண்டும். பிளாஸ்ரிக் பையில் கட்டினால் மாநகராட்சி எடுக்காது. கடையில் கடதாசிப் பை வாங்கவேண்டும். எடுப்பதும் ஒருவாரம் விட்டு ஒருவாரம். டிசெம்பர் நடுப்பகுதியோடு அதுவும் நின்றுவிடும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்டார். அண்ணை அசையவில்லை. "அது சிற்றி மரமல்லோ தம்பி. சிற்றியைக் கேளும்."

சிற்றி மரந்தான். யூலையில் அதன் நிழலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்தது சிற்றியில்லை.