தோற்ற படையின் ஏடு

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையில் கொள்ளுத்தாத்தா இருந்தாரா என்று அறிய, தோற்றுப்போன அரசிடமா போய்க் கேட்பது?

வென்ற அரசிடம்தான் கேட்க வேண்டும். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துசென்ற 11 மாநிலங்களின் கூட்டமைப்பு 1865இல் வீழ்ந்தபின், அதன் படை ஏடுகளில் அகப்பட்டவை வாஷிங்டனைச் சேர்ந்தன. 1903 முதல் அங்கிருந்த போர்த்துறை எழுத்தர்கள் அவற்றை வரிவரியாகப் படித்து, வருகைப்பட்டியலில் ஒரு வீரரின் பெயர் வருமிடந்தோறும் ஓர் அட்டை எழுதி, அவருக்குரிய உறையில் சேர்த்தார்கள். எங்கே சேர்ந்தார், எப்போது சிறைப்பட்டார், எப்போது அனுமதியின்றிப் படையை விட்டகன்றார் என்பவற்றை அவ்வட்டைகள் கூறினும், பெற்றோர் பெயரைப் பெரும்பாலும் கூறுவதில்லை. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய ஓய்வூதிய மனுவே கைகொடுக்கும். அவ்வோய்வூதியத்தை வழங்கியது முதுமையில் அந்த முன்னாள் வீரர் வாழ்ந்த மாநிலம் என்பதால், ஜார்ஜியாவில் படையில் சேர்ந்து பின்னர் டெக்சாஸில் குடியேறியவரின் மனுவை ஆஸ்டின் நகர ஆவணக்காப்பகத்தில்தான் தேட வேண்டும்.

கேள்வி: அந்தக் கொள்ளுத்தாத்தாவின் குடும்பம் மக்களை அடிமைகளாக வைத்திருந்தால், அவ்வடிமைகளின் வழிவந்தோர் எங்கே தேடுவார்கள்?

அதே குடும்பத்தின் தாள்களில்தான். 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல், உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதையும் பாலையும் நிறத்தையும் குறித்ததேயன்றி, மிக அரிதாகவே அம்மக்களின் பெயரைக் குறித்தது. விடுதலை பெற்றோரைப் பெயரோடு எண்ணியது 1870 கணக்கெடுப்பே. அதற்கு முந்தைய தலைமுறையை அறிய, கவுண்டி நீதிமன்றங்களிலுள்ள உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் மனிதப் பெயரையும் அதனருகே எழுதிய விலையையும் படித்தாக வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் அத்தகைய தாள்களை வைத்திருப்போர் அவற்றை ஆவணக்காப்பகங்களுக்கு அளிப்பது கடமையாகும்.